சேலையில் ஒட்டிய கரி

"வாய்ப்பேச்சுக்கு ஜெயிலா சந்திரா? கொலை பண்ணானா, கொள்ளை அடிச்சானா—"

"கத்தாதே. ஸ்டேஷன் வாசல்ல நின்னுக்கிட்டு—"

"கத்துவேன். பெத்தவ கத்தாம வேற எவ கத்துவா?"

"வாய்ப்பேச்சாம்ல வாய்ப்பேச்சு! நாலு லட்சம் பேரு பாத்திருக்கான். நாலு லட்சம்!"

"போன்ல போட்டது தானே, அழிச்சா போச்சு—"

"பன்னெண்டு நாளா அழிக்கலையே உம் மவன்!"

ஜன்னல் வழியாக ஒரு போலீஸ்காரர் எட்டிப் பார்த்தார். இருவரும் சட்டென்று குரலை இறக்கிக்கொண்டார்கள். மரத்தடி சிமெண்டு பெஞ்சில் ஆளுக்கொரு ஓரமாக உட்கார்ந்தார்கள். நடுவில் பொன்னுமணி கொண்டுவந்த தூக்குவாளி இருந்தது. அதன் மூடியை மட்டும் இருவருமே பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சந்திரவல்லிக்கு ஐம்பத்தெட்டு வயது. பொன்னுமணிக்கு ஒரு வயது குறைவு. முப்பத்தைந்து வருஷமாக இருவரும் போடியிலிருந்து ஒரே ஜீப்பில் மலையேறி, ஒரே தோட்டத்தில் ஏலக்காய் எடுத்தவர்கள். சண்டை போட்டுக்கொண்டதில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் போட்ட சண்டையெல்லாம் பதினேழாவது வளைவுக்குள் முடிந்துவிடும். அதற்கு மேலே குளிரும், வாயைத் திறக்க முடியாது.

இந்தச் சண்டை மட்டும் ஸ்டேஷன் வரைக்கும் வந்துவிட்டது.

பொன்னுமணியின் மகன் வினோத்குமார்தான் இப்போது அந்த ஜீப்பை ஓட்டுகிறான். ஒரு நாள் வளைவில் திரும்பும்போது போனில் பேசிக்கொண்டே ஓட்டினான். சந்திரவல்லி எல்லார் முன்னாலும் அவனைக் கிழி கிழியென்று கிழித்தாள். மறுநாள் மழை. காய் மூட்டையோடு சரிவில் இறங்கிய சந்திரவல்லி சறுக்கி விழுந்தாள். சேலை முழங்காலுக்கு மேலே ஏறிக் கிடக்க, சேற்றில் புரண்டு எழுந்தாள். அதை ஜீப்பிலிருந்தே படம் பிடித்தவன், வீட்டுக்குப் போய் அவள் குரல் மாதிரியே பேசி அதில் சேர்த்தான். தோட்டத்துக் கணக்குப்பிள்ளையை அவள் கூப்பிடுகிற மாதிரி, வாயில் எடுக்க முடியாத பேச்சு.

மூன்றே நாளில் அது ஊரெல்லாம் ஓடியது. காய்கறிச் சந்தையில் தக்காளிக்காரன் நிமிர்ந்து பார்க்காமலே அந்த வசனத்தைச் சொன்னான். பக்கத்துக் கடைக்காரி சிரித்தாள். சந்திரவல்லி பையை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினாள். அன்றிலிருந்து ஜீப்பில் ஏறவில்லை.

தேனியில் நர்சாக இருக்கும் மகள் அருணாதான் புகார் எழுதிக் கொடுத்தாள். நேற்று சாயங்காலம் வினோத்தைக் கூட்டி வந்துவிட்டார்கள். படத்தையும் அழிக்க வைத்தார்கள். பெண் எஸ்.ஐ. பந்தோபஸ்துக்குப் போயிருந்தார். போகும்போது சொல்லிவிட்டுப் போனார்: "பதினோரு மணிக்கு வருவேன். சமாதானமாப் போறதா இருந்தா எழுதிக் கொடுங்க. இல்லேன்னா கேஸ் போட்டு கோர்ட்டுக்கு அனுப்புவேன். ஜெயிலா ஜாமீனான்னு அவங்க பாத்துக்குவாங்க."

இப்போது மணி பத்து.

பொன்னுமணி தூக்குவாளியை ஓர் அங்குலம் நகர்த்தினாள்.

"மொச்சைக் கொழம்பு ஊத்திக் கொண்டாந்திருக்கேன்."

"எனக்கு வேணாம்."

"படம் வந்ததும் உன் வீட்டுக்கு வாளியக் கொண்டாந்தேன், நீ அன்னைக்கும் மூடிட்டே. இன்னைக்கும் மூடப் போறியா?"

"பாடுனவ தொறக்கணும் வாளிய. பாடுனவளுக்கு ஆத்தா தொறக்கக் கூடாது. நீதானே எனக்குச் சொல்லிக் குடுத்தே?"

பொன்னுமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். சந்திரவல்லிக்கும் வாய் ஓரம் துடித்தது. அவளும் அடக்கிக்கொண்டாள்.

அது ஸ்டோரில் இருந்த வழக்கம். தோட்டத்தில் காய் உலர்த்தும் கட்டிடத்தை ஸ்டோர் என்பார்கள். இரவெல்லாம் அடுப்பு எரிந்து, விடிந்ததும் பச்சை மணம் போய் இனிப்பு மணம் ஏறியிருக்கும். மழைநாளில் காட்டுக்குள் போக முடியாது. பெண்களெல்லாம் அங்கே வட்டமாக உட்கார்ந்து, காம்பு கிள்ளி, பெருசு சிறுசு பிரிப்பார்கள். கை தன்பாட்டுக்கு ஓடும். வாய் சும்மா இருக்குமா? ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி ஏசல் பாட்டுக் கட்டுவாள். கருப்பி என்பாள், கஞ்சப்பிசினாரி என்பாள், புருஷன் குறட்டையைப் பாடுவாள். பாட்டு வாங்கியவள் திருப்பிப் பாட வேண்டும். பாட முடியாமல் அழுதுவிட்டால், பாடியவள் அன்று மத்தியானம் தன் தூக்குவாளியைத் திறந்து அழுதவள் முன்னால் வைக்க வேண்டும். அழுதவள் ஒரு கவளம் எடுத்து உண்டுவிட்டால் சரியாகப் போயிற்று. மூடியை மூடிவிட்டால் பாடியவளுக்கு அன்று பட்டினி.

யார் போட்ட சட்டமோ! போடி கோர்ட்டிலும் இல்லை, தேவிகுளம் கோர்ட்டிலும் இல்லை. ஆனால் அந்த ஸ்டோருக்குள் அதை மீறியவள் கிடையாது.

ஏசல் கட்டுவதில் சந்திரவல்லியை அடிக்க ஆள் இல்லை. அவள் தொண்டையைச் செருமினால் போதும், காம்பு கிள்ளும் கைகள் நின்றுவிடும். மேலே உத்தரத்தில் மூன்று சேலைத் தொட்டில்கள் ஆடிக்கொண்டிருக்கும். ஒன்றில் அருணா, ஒன்றில் இந்த வினோத். எந்தப் பிள்ளை அழுதாலும் பக்கத்தில் இருப்பவள் எடுத்துப் பால் கொடுப்பாள். வினோத் சந்திரவல்லியிடமும் குடித்திருக்கிறான். வெளியே மழை கொட்டும், உள்ளே அடுப்புச் சூடு, ஏலக்காய் மணம், இருபது பெண்களின் சிரிப்பு. அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு உடம்பு சூடாகும்.

"நீ அன்னைக்கு மூடுனதும் நான் என்ன செஞ்சேன் தெரியுமா?" என்றாள் பொன்னுமணி. "வீட்டுக்குப் போயி அவனுக்குச் சோறு போடல. ராத்திரி வரைக்கும் பச்சத் தண்ணி மட்டும்தான். 'அத்தை மூடிட்டா, நீ இன்னைக்குப் பட்டினிடா'ன்னேன். அவனும் எதுத்துப் பேசாம படுத்துக்கிட்டான்."

"படுத்தவன் அந்தப் படத்த அழிக்கலையே."

"எனக்கு எங்க அது தெரியும்? பட்டினி கெடந்தாச்சு, முடிஞ்சதுன்னு நெனச்சேன். ஸ்டோர்ல முடிஞ்சிரும்ல?"

"ஸ்டோர்ல செவுரு இருந்துச்சு பொன்னு. இதுக்குச் செவுரு எங்க இருக்கு? நீ அவனப் பட்டினி போட்டுட்டு நிம்மதியாத் தூங்குனே. அதே ராத்திரி அமெரிக்காவுல இருக்குறவன் என் தொடையப் பாத்துச் சிரிச்சிருக்கான்."

பொன்னுமணி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

மடியில் இருந்த போன் அடித்தது. அருணா.

"அம்மா, கையெழுத்துப் போட்டுடாதே. சொல்லிட்டேன். பொன்னுமணி அத்தை அழும். நீ உருகிடுவே."

"நான் எதுக்குடி உருகுறேன்?"

"உன்னையத் தெரியாதா? இன்னைக்கு அவன விட்டா நாளைக்கு இன்னொரு பொம்பளையப் படம் பிடிப்பான். ஒரு பத்து நாளாவது உள்ள இருந்தாத்தான் புத்தி வரும்."

"சரி. டூட்டியப் பாரு."

போனை வைத்ததும் பொன்னுமணி கேட்டாள். "என்னவாம்?"

"பத்து நாளுங்குறா."

"பத்து நாளு உள்ள இருந்துட்டு வந்தவனுக்கு எவன் ஜீப்பு குடுப்பான்? எவ பொண்ணு குடுப்பா? தூக்கி வளத்தவதானே நீ!"

அப்போது வினோத் வெளியே வந்தான். முகம் கழுவ விட்டிருந்தார்கள் போலிருக்கிறது. பின்னால் ஒரு காவலர் நின்றார். குழாயடியில் குனிந்தவன், தண்ணீர் சொட்டச் சொட்ட நிமிர்ந்து பெஞ்சைப் பார்த்தான். இரண்டடி வந்தான்.

"அத்தே, தப்புதான்."

"எது தப்பு?"

"படம் போட்டது."

"எதுக்குப் போட்டே?"

"சும்மா... நீங்க எல்லாரு முன்னாடியும் என்னைய அப்பிடித் திட்டிட்டீங்க. கோவம். அப்புறம் எல்லாரும் சிரிச்சாங்களா, அப்பிடியே விட்டுட்டேன்."

"எல்லாரும் சிரிச்சா சரியாடா?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நீங்களும் பாடுவீங்கன்னு அம்மா சொல்லும். அன்னக்கொடி பாட்டு. அம்மா இன்னைக்கும் அரிசி களையும்போது பாடும். பாடிட்டு அதுவா சிரிக்கும். அந்த மாதிரிதான்னு..."

"டேய், உள்ள போடா!" என்று பொன்னுமணி பதறினாள். காவலர் அவனை உள்ளே அழைத்துப் போனார்.

அன்னக்கொடி பாட்டு. சந்திரவல்லிக்கு அது நாக்கு நுனியிலேயே இருந்தது.

*விறகடுக்க ஆளிருக்கு, தீயைப் போட ஆளிருக்கு,*
*அன்னக்கொடி சேலையில கரி எப்படி ஒட்டியிருக்கு?*

அன்னக்கொடி ராசிங்காபுரத்துக்காரி. புருஷன் விட்டுப் போய், கைப்பிள்ளையோடு அண்ணன் வீட்டில் இருந்தாள். அவள் பிள்ளையின் தொட்டில்தான் மூன்றாவது. வேலைக்கு நடுவில் அடிக்கடி அடுப்புப் பக்கம் போய் நிற்பாள். அடுப்புக்காரன் இளவட்டம். சந்திரவல்லி தொண்டையைச் செருமினாள். ஸ்டோரே குலுங்கியது. அன்னக்கொடி அழுதாள். சந்திரவல்லி வாளியைத் திறந்து வைத்தாள். அவள் மூடினாள். மறுநாளும் வைத்தாள். மறுநாளும் மூடினாள். மூன்றாம் நாள் அவள் வரவில்லை; அதற்குப் பிறகு உத்தரத்தில் இரண்டு தொட்டில்தான் ஆடியது.

"அவ வேற தோட்டத்துக்குப் போயிட்டா" என்றாள் சந்திரவல்லி, யாரோ கேட்டது போல. "கூலி சேத்துக் குடுத்தாங்கன்னு போயிட்டா."

"யாரு சொன்னா?"

"எல்லாரும் சொன்னாங்க."

"நீ சொன்னே. எல்லாரும் ஆமான்னாங்க." பொன்னுமணியின் குரல் மாறியிருந்தது. "எம் மவனுக்கு ஜெயிலு வேணும்னு உக்காந்திருக்கியே, உன்னைய யாரு உள்ள வச்சா சந்திரா?"

"என்ன பேசுறே நீ? அது ஸ்டோருக்குள்ள பாடுனது!"

"ஸ்டோருக்குள்ளயா? எறங்குற ஜீப்புல பாடலையா நாம? மத்த ஜீப்பெல்லாம் கேக்கலையா? மூணே நாள்ல ராசிங்காபுரம் போயிருச்சு அந்தப் பாட்டு. தெருப்புள்ளைக அவ பின்னாடியே பாடிக்கிட்டுத் திரிஞ்சிருக்குக. அண்ணங்காரன் மூட்டையத் தூக்கி வெளிய எறிஞ்சிட்டான்."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"பஸ்டாண்டுல பாத்தேன். மூணாம் நாளு. அன்னைக்கு இவனுக்குக் காச்சல்னு நான் மலைக்கு வரலைல்ல, மருந்து வாங்கப் போனேன். இடுப்புல புள்ள, கையில ஒரு துணி மூட்ட. 'ஏத்தா, எங்க போறே'ன்னேன். அவ என்ன சொன்னா தெரியுமா? 'எனக்கு இருக்குறது ஒத்தச் சேலை மயினி. ஜீப்புல வரும்போதே மழையில நனைஞ்சிரும். ஈரத்தோட பால் குடுத்தா புள்ளைக்குச் சளி பிடிக்குது. அடுப்புக்கிட்ட நின்னாக் காஞ்சிரும்னு நின்னேன்'னா. அவ்வளவுதான்."

ஏலக்காய் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஒரு லோடு ஜீப்பு தெருவைக் கடந்து போனது. அது போன பிறகும் அந்த மணம் மரத்தடியில் நின்றது. இவ்வளவு காலமும் அந்த மணம் வந்தாலே சந்திரவல்லிக்கு இருபது பெண்களின் சிரிப்புத்தான் காதில் கேட்கும். இப்போதும் கேட்டது. ஆனால் இருபது பேர்தானா என்று எண்ணத் தோன்றியது.

"முப்பது வருஷமா இத ஏன் என்கிட்டச் சொல்லல?"

பொன்னுமணி தூக்குவாளியின் பிடியைத் திருகிக்கொண்டே சொன்னாள்.

"சொன்னா நீ அப்புறம் பாட மாட்டேன்னுதான். எனக்கு வேற என்ன இருந்துச்சு? வீட்டுல குடிகாரன். மலையில உம் பாட்டு."

எஸ்.ஐ.யின் வண்டி வந்து நின்றது. இறங்கும்போதே கேட்டார்.

"என்னம்மா, பேசி முடிச்சாச்சா? கம்ப்ளைண்ட வாபஸ் வாங்குறீங்களா?"

பொன்னுமணி இரண்டு கையையும் கோத்துக்கொண்டாள். சந்திரவல்லி எழுந்தாள்.

"இல்ல தாயி."

"சந்திரா!"

"இரு. தாயி, கேஸ் இருக்கட்டும். ஆனா இவன ஜெயில்ல போட வேணாம்னு எழுதிக்கிறீங்களா?"

எஸ்.ஐ. நெற்றியைச் சுருக்கினார். "ரெண்டையும் எப்படிம்மா ஒண்ணா எழுதுறது?"

"இவன் செஞ்சது இல்லவே இல்லேன்னு நான் எழுதித் தர முடியாது. செஞ்சான். எழுதி வைங்க, இருக்கட்டும். நாளைக்கு அதக் காட்டிக் கேக்க ஒரு காயிதம் வேணும். ஆனா உள்ள வச்சுப் பூட்டுனா நான் திரும்ப ஜீப்புல ஏறிருவேனா? ஏற மாட்டேன். இவன் ஜீப்பு ஓட்டணும், நான் அதுல ஏறணும், அந்தப் பொம்பளைக எல்லாரு முன்னாலயும் இவன் வாயத் தொறந்து தப்புன்னு சொல்லணும்."

"ஜாமீன் கேட்டா உங்களுக்கு ஆட்சேபம் இல்லேன்னு எழுதிக்கிறேன். மிச்சம் கோர்ட்டு சொல்லும்."

"அதையே எழுதுங்க. கோர்ட்டுல கேட்டாலும் இதத்தான் சொல்வேன்."

உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டாள். மூன்று எழுத்துக்கு ஒரு முறை பேனா நின்றது. அங்கே சுவரோரம் அமர்ந்திருந்த வினோத் எழுந்து நின்றான். அவனைக் கடந்து வரும்போது அவள், காய்ந்துபோயிருந்த அவன் உதட்டை மட்டும் ஒரு தரம் பார்த்தாள்.

மரத்தடியில் பொன்னுமணி தூக்குவாளியைத் திறந்து வைத்திருந்தாள். மொச்சைக் குழம்பின் ஆவி இன்னும் லேசாக எழுந்தது. அழுவதா சிரிப்பதா என்று தெரியாத முகம்.

"இப்பவாவது ஒரு வாய் எடு சந்திரா. எடுத்தாத்தான் எனக்கு நெஞ்சு ஆறும்."

சந்திரவல்லி பக்கத்தில் உட்கார்ந்தாள். இந்த முறை ஓரத்தில் இல்லை, ஜீப்பில் உட்காருவது போல தோளோடு தோள் உரச. கையை வாளிக்குள் விட்டாள். சோற்றைத் தொட்டுப் பார்த்தாள், எடுக்கவில்லை. விரலைத் துடைத்துவிட்டு மூடியை மெல்ல எடுத்து, சத்தம் வராமல் மூடி, வாளியைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"பாடுனவதானே தொறக்கணும். அன்னைக்கு அன்னக்கொடி எந்த ஊரு பஸ்சுல ஏறுனா பொன்னு?"