கீழ்த்தள அறை, ரத்து வசதியுடன்

அவர் எதையும் ஒன்றோடு நிறுத்தியவர் இல்லை. வெளியூர் போவதென்றால் இரண்டு டிக்கெட் போடுவார், தங்குவதற்கு இரண்டு இடம் பிடிப்பார், பல் வலித்தால்கூட இரண்டு டாக்டரிடம் நேரம் வாங்குவார். கடைசியில் எது தோதுப்படுகிறது என்று பார்த்துவிட்டு மற்றதை ரத்து செய்வார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ரயில் முன்பதிவு கவுன்டருக்குள் உட்கார்ந்து ஊராருக்கு டிக்கெட் போட்டவர். அடித்துப் பிடித்து வந்தவர்கள் அந்தக் கண்ணாடிக்கு வெளியே கைபிசைந்து நின்றதைப் பார்த்துப் பார்த்து, தனக்கு அந்தக் கதி வரக்கூடாது என்று முடிவு கட்டியிருந்தார். ஆபீஸில் அவருக்குக் 'கன்ஃபர்ம்' என்று பட்டப்பெயர். வானம் கறுத்துக்கொண்டு வந்தாலும், மழை கன்ஃபர்மா என்று கேட்கிற ஆள்.

அவரைக் கட்டிக்கொண்டு குப்பை கொட்டியவள் துணியக்கா. பெரிய ஆஸ்பத்திரியில் துணிக் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறவள் என்பதால், டாக்டரிலிருந்து வாட்ச்மேன் வரை எல்லாருக்கும் அவள் துணியக்காதான்.

ஒரே மகள். அவள் கல்யாணத்துக்கும் மனிதர் இரண்டு மண்டபம் பிடித்து வைத்திருந்தார். நாள் நெருங்கும்போது மகள் தனக்குப் பிடித்தவனோடு போய்ப் பதிவு செய்துகொண்டாள். முன்னாடியே வாய் திறந்து சொல்லியிருக்கலாம். சொல்ல வந்தபோதெல்லாம் இந்த மனிதர் காது கொடுத்திருக்கலாம். இரண்டும் நடக்கவில்லை. இரண்டு மண்டபத்தையும் ரத்து செய்ய அவரே போனார். முதல் மண்டபத்துக்காரர் ஒரு வார்த்தை கேட்காமல் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். இரண்டாவது ஆள், "என்ன சார், பொண்ணு வேற இடத்துல கன்ஃபர்ம் ஆயிடுச்சாமே" என்று பல்லைக் காட்டினான்.

வீட்டுக்கு வந்தவர் செருப்பைக் கழற்றுமுன்பே சொல்லிவிட்டார், இனி அவள் பேச்சு இந்த வீட்டில் கூடாது என்று. அன்றைக்கு மூடிய வாய்தான். மகள் வெளிநாடு போனாள் என்று யாரோ சொல்ல ஆரம்பித்தபோதும் எழுந்து போய்விட்டார். எந்த நாடு, எந்த ஊர், என்ன பிழைப்பு, ஒன்றும் அவர் காதில் விழவில்லை. விழவிடவில்லை. துணியக்கா மட்டும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், கிடங்கில் விரிப்புக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து மகளோடு போனில் பேசுவாள். பேத்தி குப்புற விழுந்ததையும் எழுந்து நடந்ததையும் அவள் பார்த்தது அந்தச் சின்னத் திரையில்தான். ஒரு தடவையாவது அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஏக்கம் அவளை அரித்துக்கொண்டிருந்தது.

அவர் ஓய்வு பெற்றபோது ஆபீஸ்காரர்கள் சேர்ந்து, புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் விமான டிக்கெட் வாங்கித் தருவதாகச் சொன்னார்கள். எந்த ஊருக்கு என்று அவர்கள் கேட்டது துணியக்காவிடம். அவள் கண்ணை இமைக்காமல் மகள் இருக்கிற நகரத்தின் பெயரைச் சொன்னாள். நடுவில் பெரிய ஆறு ஓடுகிற ஊர், பார்க்க நிறைய இருக்கிறதாம், செலவும் கம்மியாம் என்று சேர்த்துக்கொண்டாள். கன்ஃபர்ம் ஒன்றும் சந்தேகப்படவில்லை. பரிசாக வந்த டிக்கெட்டை, கையிலிருந்து கொஞ்சம் போட்டு, ரத்து செய்யக்கூடிய டிக்கெட்டாக மாற்றிக்கொண்டார், அவ்வளவுதான்.

அடுத்தது தங்கும் இடம். மகளும் மருமகனும் அந்த நகரத்தில் ஒரு சந்துக்குள் சின்ன கெஸ்ட் ஹவுஸ் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறார்கள். அதையே துணியக்கா பொறுக்கி எடுத்துக் கணவனிடம் காட்டினாள். மகளுக்கு உதறல். அப்பா வாசலோடு திரும்பிப் போய்விட்டால் என்ன செய்வது என்று போனில் அழுதாள். வந்து நின்றுவிட்டால் திரும்ப மாட்டார், அங்கே வந்து சேர்கிறவரைக்கும்தான் பயம் என்று துணியக்கா தைரியம் சொன்னாள். சொன்னவளுக்கே அது அவ்வளவாக இருக்கவில்லை.

கன்ஃபர்ம் அந்த கெஸ்ட் ஹவுஸைக் குடைந்து எடுத்தார். அவருக்கு இடது முழங்கால் மடங்காது. மாடி ஏற முடியாது என்பதால் கீழ்த்தளத்தில் அறை உண்டா, வெந்நீர் வருமா, குளியலறை வழுக்குமா என்று செய்தியாக அனுப்பிக்கொண்டே இருந்தார். இரண்டு நாள் விட்டு அதே கேள்விகளை வரிசை மாற்றிக் கேட்டார், பதில் மாறுகிறதா பார்க்க. மாறவில்லை. எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் எழுதியது மருமகன். குளியலறைக்குள் உட்கார்ந்து குளிக்க ஒரு முக்காலி போட்டு, அதைப் படமெடுத்தும் அனுப்பினான்.

"யாரு இந்த ஆளு, ரொம்ப ஒழுங்கா இருக்கானே" என்றார் கன்ஃபர்ம். "இவன மாதிரி ஒருத்தன் நம்ம கவுன்டர்ல இருந்திருந்தா கூட்டமே நின்னுருக்காது."

துணியக்கா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். 

ஆனால் வழக்கம்போல அவர் இன்னொரு இடமும் பிடித்து வைத்திருந்தார். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், மெயின் ரோட்டின் மேல் ஒரு லாட்ஜ். லிஃப்ட் உண்டு, காலையில் சாப்பாடு உண்டு, வாடகையும் கிட்டத்தட்ட அதேதான். இரண்டில் ஒன்றை வெள்ளிக்கிழமை மாலைக்குள் ரத்து செய்தால் காசு பிடிக்க மாட்டார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை துணியக்கா வேலையில் அரை நாள் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அவர் கூடத்து மேஜையில் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு, மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். லாட்ஜே போதும் என்று தோன்றுவதாகச் சொன்னார். சந்துக்குள் போய் மாட்டிக்கொள்வானேன், காலையில் சாப்பாட்டுக்கு அலைவானேன் என்றார். அவர் கை மவுஸை நகர்த்தியது.  லாட்ஜுக்குப் போனால் இவர் ஆற்றையும் கடைத்தெருவையும் பார்த்துவிட்டு, பெற்ற பெண் இருக்கிற சந்துப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் திரும்பிவிடுவார். அவளும் பின்னாலேயே பையைத் தூக்கிக்கொண்டு வரவேண்டியதுதான்.

"சாப்பாட்ட எங்க வேணா சாப்பிட்டுக்கலாம்ங்க. படுக்கை சுத்தமா இருக்கணும்ல" என்றாள். "நமக்குப் போட்டு வெச்சிருக்கற ரூமப் படம் எடுத்து அனுப்பியிருக்காங்க பாருங்க. அந்த லாட்ஜ் விரிப்பப் பாத்தேன், ஆஸ்பத்திரில நான் கிழிச்சுத் தொடைக்கப் போடுவேன்."

காலையில் அவள்தான் மகளிடம் சொல்லிப் படம் அனுப்பச் சொல்லியிருந்தாள். இப்போது அதைத் தன் போனில் எடுத்து அவர் கையில் கொடுத்தாள். வெள்ளை விரிப்பு, ஒரு சுருக்கம் இல்லை. நாலு மூலையும் இழுத்துச் செருகியிருந்தது. துணியக்கா பழக்கிய கையல்லவா, பெருமையாகத்தான் இருந்தது.

அவர் படத்தைப் பார்த்தார். நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். பிறகு போனைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்து, காலை இழுத்துக்கொண்டு படுக்கையறைக்குப் போனார்.

துணியக்கா கதவோரம் நின்று எட்டிப் பார்த்தாள். அவர் தங்கள் கட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றார். கட்டிலில் அவர் பக்கத்தில், நடுவுக்குச் சற்றுக் கீழே, ஒரு பழைய போர்வை உருளையாகச் சுருட்டி வைத்திருந்தது. அது இருந்தால்தான் இடது முழங்காலை அதன்மேல் போட்டு அவரால் தூங்க முடியும். அந்தக் கால் கெட்ட நாளிலிருந்து அதைச் சுருட்டி வைத்தது துணியக்கா, அவளுக்கு நைட் ட்யூட்டி விழுந்த நாட்களில் மகள்.

படத்தில் இருந்த கட்டிலிலும் அப்படி ஓர் உருளை, அதே இடத்தில் இருந்தது.

மாடி ஏற முடியாது என்று கெஸ்ட் ஹவுஸுக்கு எழுதினாரே தவிர, போர்வை உருளையைப் பற்றி அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. துணியக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. தினம் தினம் தன் கையால் வைக்கிற பொருள், அதனாலேயே அது படத்தில் இருந்தது அவள் கண்ணில் உறைக்கவில்லை. மகளும் வேண்டுமென்று வைத்திருக்க மாட்டாள். அப்பாவுக்குப் படுக்கை போடுகிறோம் என்றதும் கை தானாகச் செய்திருக்கும்.

அவர் கத்தியிருந்தால்கூடத் தேவலை. மேஜைக்குத் திரும்பி வந்தார். திரையில் கெஸ்ட் ஹவுஸ், லாட்ஜ், விமான டிக்கெட் மூன்றும் வரிசையாக நின்றன, மூன்றுக்கும் பக்கத்தில் ரத்து என்ற பொத்தான் இருந்தது. மூன்றையும் ரத்து செய்ய அவருக்கு ஒரு நிமிஷம் ஆகாது. துணியக்கா என்னங்க என்றாள்.  அவர் தன் போனை எடுத்து, கெஸ்ட் ஹவுஸ் நம்பரை அழுத்தி, ஒலிபெருக்கியைப் போட்டு மேஜைமேல் வைத்தார்.

மருமகன்தான் எடுப்பான் என்று துணியக்கா வேண்டிக்கொண்டாள். எடுத்தது மகள். கெஸ்ட் ஹவுஸ் பெயரை ஆங்கிலத்தில் சொல்லி வணக்கம் சொல்ல ஆரம்பித்தவள் பாதியில் நின்றுவிட்டாள். அப்பாவின் நம்பர் அவளுக்கு மறந்திருக்காது.

"தமிழ் பேசுவீங்களா?" என்று கேட்டார் அவர். கவுன்டருக்குள் இருந்து பேசுகிற அதே குரல்.

"பேசுவேன் சார்" என்று பதில் வந்தது.

பெற்ற மகள் சார் என்கிறாள், பெற்றவர் நீங்க என்கிறார். கேட்டுக்கொண்டு நின்ற துணியக்காவுக்கு ஆத்திரம்தான் வந்தது. இரண்டும் ஒரே வார்ப்பு, ஒன்றாவது விட்டுக்கொடுக்கிறதா பார்.

அவர் தேதியைச் சொன்னார். கீழ்த்தள அறைதானே என்று கேட்டார். அவள் ஆமாம் என்றாள். வெந்நீர் காலையிலும் வருமா என்றார். வரும் என்றாள். எல்லாம் ஏற்கனவே பதில் வாங்கிய கேள்விகள். பின்னால் ஒரு குழந்தை எதையோ தட்டிக்கொண்டு பாடியது.

"யாரு சத்தம் போடறது?"

"என் பொண்ணு சார். வாய் ஓயவே ஓயாது. உங்களுக்குத் தொந்தரவா இருந்தா—"

"நான் தொந்தரவுன்னு சொன்னேனா?"

  குழந்தை பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது. அவர் போனைப் பார்த்தபடி அது பாடி முடிக்கிறவரை காத்திருந்தார்.

"குளிக்கறதுக்கு முக்காலி போட்டு வெச்சது யாரு?"

"என் வீட்டுக்காரர்."

"ம்" என்றார். அந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம் என்று இத்தனை வருஷம் கூட வாழ்ந்த துணியக்காவுக்கே பிடிபடவில்லை. அவர் கை மறுபடி மவுஸுக்குப் போனது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

மகள் படபடவென்று பேசினாள். "சார், பிடிக்கலைன்னா இன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் கேன்சல் பண்ணிக்கலாம். பணம் முழுசா வந்துடும். ஒண்ணும் பிடிக்க மாட்டோம்."

"அது இருக்கட்டும்" என்றார் அவர். கவுன்டர் குரல் எங்கேயோ போய்விட்டிருந்தது. "கேன்சல் பண்ண முடியாத ரூம் இருக்கா?"

போனில் சத்தமே இல்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று துணியக்கா கண்ணைத் திறந்தாள். அறுந்துவிடவில்லை. மகள் அழுதுகொண்டிருந்தாள்.

"இருக்கா இல்லையா, சொல்லும்மா. எவ்வளவு நேரமா வரிசைல நிக்கறேன்."

"இருக்குப்பா" என்றாள் மகள். "உங்களுக்குத்தான் வெச்சிருக்கேன்."

அவர் தலையை ஆட்டினார். அது போனில் தெரியாது என்பது அவருக்குத் தோன்றவில்லை. லாட்ஜை ரத்து செய்வதற்காக அம்புக்குறியை நகர்த்திக்கொண்டு போனார். கண்ணாடி முழுக்க ஈரம், பொத்தான் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. துணியக்கா பக்கத்தில் வந்து, அவர் கையின்மேல் தன் கையை வைத்து அழுத்தினாள்.