தபசுகாலம் காத்த பாம்பு

நீக்கிலாப்பிள்ளை பாம்பு வாங்கப் போகவில்லை. மீன் வளர்க்க ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கத்தான் போனார். மொன்றியலின் கர்க்லாண்ட் பக்கம் ஒரு வெள்ளைக்கார மதாம் வீட்டைக் காலி பண்ணுகிறாள் என்று வேலைத்தலத்தில் யாரோ சொல்ல, ஜனவரிக் குளிரில் காரை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். இவர் வாயைத் திறக்க முன்னமே மதாம் விலையைக் குறைத்தாள். நான் பேரம் பேசுகிற சனத்துக்கு நடுவில் பிறந்து வளர்ந்து, இப்போது சென்ட் லோரன்டில் பலசரக்குக் கடை வைத்திருப்பவன். கேட்காமலே ஒருவர் விலையைக் குறைத்தால் சாமானைக் கவிழ்த்து அடிப்பக்கம் பார்ப்பேன். நீக்கிலார் பார்க்கவில்லை. ரொக்ஸ்பரோவில் இருக்கும் தன் வீட்டுக்குக் கொண்டுவந்து, தொட்டிக்குள் கிடந்த மரப்பட்டையைத் தூக்கியபோதுதான் அதன் கீழிருந்து செம்மஞ்சள் நிறத்தில் ஒரு பாம்புக்குட்டி, என்ன விஷயம் என்று கேட்பதுபோலத் தலையை நீட்டியது. மதாமின் தொலைபேசி அன்றைக்கே வெட்டுப்பட்டிருந்தது. கெட்டிக்காரி. எங்கள் கடைத்தெருவில் பிறந்திருக்க வேண்டியவள்.

அவருடைய மனைவி றோசா கத்தவில்லை. அவர் தமிழ்க் கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி படிப்பிக்கிறவர். எதையும் முறையோடுதான் செய்வார். அவர்கள் வீட்டு வரவேற்பறையில், பாம்பின் தலையை மிதித்தபடி நிற்கும் மாதா சுரூபம் ஒன்று உண்டு. தொட்டியை அதற்கு நேர் எதிரே வைக்கச் சொன்னார்.

"வடிவாப் பாத்துக்கொண்டு கிடக்கட்டும்" என்றார்.

நீக்கிலார் அதை எங்காவது தள்ளிவிட இடம் தேடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அதற்குச் 'சின்னவள்' என்று பெயர் வைத்தார்.

"உமக்கென்ன விசரே?" என்று கேட்டேன்.

"கிருபா, வேலையாலை வந்து கதவைத் திறக்க, இந்த வீட்டிலை தலையைத் தூக்கி என்னைப் பாக்கிறது இது ஒண்டுதான்."

றோசா அப்போது தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

செல்லப்பிராணிக் கடையில் ஒரு பெண் எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தாள். இது சோளப்பாம்பு, நஞ்சில்லை. புது இடம், ஆகவே ஒரு கிழமைக்கு, ஏழு நாளும், தொடாதீர்கள். கிழமைக்கொரு தடவை, உறைய வைத்த எலிக்குட்டி ஒன்றைச் சுடுதண்ணீரில் இளக்கி, இடுக்கியால் பிடித்துக் கொடுங்கள். சாப்பிட்ட பிறகு இரண்டு நாளைக்குக் கையில் எடுக்கவே வேண்டாம். எடுத்தால் விழுங்கியதைச் சத்தி எடுத்துவிடும், குட்டிக்கு அது கூடாது. நீக்கிலார் எல்லாவற்றுக்கும் தலையாட்டி, மெர்சி என்று நன்றி சொல்லி, வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் மாறிச் செய்தார்.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. நம்முடைய ஆட்களிடம் ஒரு புதுச்சாமான் வந்தால், நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டும்வரை அது வாங்கினதாகவே சேர்த்தியில்லை. சோபா வாங்கினாலும் இருந்து பார்க்க ஆள் வரும். அவர்கள் வீட்டுச் செபக்கூட்டத்துக்கு வந்த சனமெல்லாம் செபம் முடிந்ததும் பாம்பைக் கைக்குக் கை மாற்றியது. பிறந்த பிள்ளையைப் பார்க்க வந்தவர்களைப்போல ஒருவர் நீளம் போதாது என்றார், இன்னொருவர் நிறம் இனித் தெளியும் என்றார். சின்னவள் அன்று மத்தியானம்தான் சாப்பிட்டிருந்தாள். கடைசியாகக் கூட்டத்தில் இருந்த பிலோமினம்மாவின் மடிக்குப் போனபோது, விழுங்கிய எலியை அவருடைய காஞ்சிபுரத்தின் மேல் அப்படியே திருப்பி ஒப்படைத்தாள்.

கடைக்காரப் பெண் இரண்டு கிழமைக்கு வயிற்றை ஆற விடச் சொன்னாள். அது ஆறுவதற்குள் விபூதிப் புதன் வந்துவிட்டது. நாற்பது நாள் தபசுகாலம் தொடங்கினால் றோசாவின் வீட்டுக்குள் பாஸ்காத் திருநாள் வரும்வரை இறைச்சி வராது.

"எலி என்ன, மரக்கறியோ?" என்று கேட்டார் றோசா. "கிறிஸ்தவ வீட்டிலை வளருது. வீட்டோடை சேர்ந்து சுத்தபோசனம் இருக்கட்டும். மீன் குடுங்கோ."

நீக்கிலார் மீன் கொடுத்தார். டின்மீன், பிறகு நெத்தலி, பிறகு என் கடையில் தேடி எடுத்த சின்னச் சூடை. பாம்பு அவற்றை நாக்கால் தடவிப் பார்த்துவிட்டு மரப்பட்டைக்கு அடியில் போய்ப் படுத்தது. அவித்த முட்டையும் கொடுத்துப் பார்த்தார்கள். அது முட்டையைச் சுற்றி வந்து, அதற்குப் பின்னால் ஒளித்துக்கொண்டது. கோயிலில் ஒருநேரச் சாப்பாட்டோடு ஒருசந்தி இருக்கிறவர்கள் பின்னேரம் நாலு மணிக்கே மூன்று நாள் பட்டினிபோல முகத்தை வைத்துக்கொள்வார்கள். அந்த வீட்டில் தபசுகாலத்தை ஒழுங்காகக் காத்த ஒரே சீவன் சின்னவள்தான்.

பெரிய வியாழன் அன்று நீக்கிலார் அதைக் கடைக்காரப் பெண்ணிடம் கொண்டுபோய்க் காட்டினார். முதுகெலும்பு கத்திபோல எழும்பி, தோல் அளவில்லாத சட்டைபோலத் தொங்கிக்கொண்டிருந்தது. இன்றைக்கு வந்த களைப்பு ஆறட்டும், நாளைக்கே ஒரு சின்ன எலியைக் கொடுங்கள், இனியும் பிந்தினால் பிழைக்காது என்றாள் அவள். மனிதர் எலியை வாங்கிக்கொண்டு வந்து, ஒருவருக்கும் சொல்லாமல் பிறீசருக்குள் வைத்தார். பெரிய வெள்ளி காலமை, கஞ்சிக்குத் தேங்காய்ப்பூ எடுக்கப் பிறீசருக்குள் கைவிட்ட றோசா எதை எடுத்தார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

"கிருபா, உடனை வா" என்று தொலைபேசியில் வந்த குரல் நீக்கிலாருடையதுதான். பின்னணியில் றோசாவின் குரலும் வந்தது. பெரிய வெள்ளி, கடை பூட்டியிருந்தது; போனேன்.

எலி பொலித்தீன் பைக்குள் சுற்றப்பட்டு, வெளிப் படியில், பனிக்கு மேல் கிடந்தது. உள்ளே நீக்கிலார் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றார். காவல் நிற்கிறாரா கும்பிடுகிறாரா என்று தெரியவில்லை.

"அண்ணை, நீங்களே சொல்லுங்கோ" என்றார் றோசா. "பெரிய வெள்ளியும் அதுவுமா, கஞ்சிக்கு வைச்ச தேங்காய்ப்பூவுக்குப் பக்கத்திலை எலி."

"பிழைதான் தங்கச்சி."

நீக்கிலார் என்னைத் துரோகியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பேரத்தில் முதலாவது வேலை எதிராளியின் சாமானைப் புகழ்வதுதான் என்று அவருக்குத் தெரியாது.

"சுத்தபோசனம் எண்டா சுத்தபோசனம்தான்" என்றேன். "எல்லாருக்கும் ஒரே சட்டம். கைக்குழந்தைக்கும் அதுதானே?"

"கைக்குழந்தைக்கு ஆர் சொன்னது? சின்னப் பிள்ளையளுக்கு இல்லை."

"வருத்தத்திலை படுத்த நோயாளியளுக்கு?"

"அவையளுக்கும் இல்லை. இதைத்தானே நான் வருசா வருசம் படிப்பிக்கிறன்."

"அப்ப சரி" என்று தொட்டியைப் பார்த்தேன். "இது பிறந்து ஒரு வருசம் இராது. வருத்தமும் கூட."

றோசா தொட்டியைப் பார்த்தார், மாதாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தன் சரக்கையே தனக்கு விற்றுவிட்டான் என்ற கோபம் அந்தப் பார்வையில் தெரிந்தது.

"உயிர்த்த ஞாயிறு வரைக்கும் பொறுக்கேலாதோ?"

"அது பொறுக்கும். உயிரோடை பொறுக்குமோ தெரியாது" என்றார் நீக்கிலார். சொல்லிவிட்டுத் தொட்டிக் கண்ணாடியில் நெற்றியை வைத்தார். நான் பேரத்துக்குப் போட்டுவைத்திருந்த மற்ற வாதங்களெல்லாம் வீணாயின.

"குடுக்கிறதெண்டா குடுங்கோ, ஆனா இந்தக் கூரைக்குக் கீழை வேண்டாம்" என்றார் றோசா. "எங்கடை காரிலையும் வேண்டாம். அண்ணையின்ரை கடைச் சாமான் ஏத்திற வான் இருக்குத்தானே."

"தங்கச்சி, வெள்ளிக்கிழமையிலை சைவக்காரர் நாங்கள் மச்சம் மாமிசம் தொடுறேல்லை."

"உங்களை ஆர் சாப்பிடச் சொன்னது? கோயிலுக்கு எங்களையும் ஏத்திக்கொண்டு போங்கோ. நான் உள்ளை போறன். நீங்கள் ரெண்டு பேரும் வெளியிலை நிண்டு செய்யிறதைச் செய்யுங்கோ."

நான் வளர்ந்த இடத்தில் இப்படி ஒரு பெண்ணிடம் அகப்பட்டால் கடையைப் பூட்டிவிட்டு வேறு தொழிலுக்குப் போய்விடுவார்கள்.

பின்னேரம் சிலுவைப்பாதைச் செபம் உள்ளே நடந்துகொண்டிருந்தபோது, கோயில் வளவின் கரைப்பக்கமாக, அழுக்குப் பனிக் குவியலுக்கு அருகே என் வான் நின்றது. ஹீற்றரை முழுதாகப் போட்டிருந்தோம். வியர்த்து வழிந்தது. தேத்தண்ணிக்கு நான் கொண்டுவந்த சுடுதண்ணிப் போத்தலில் இருந்து ஒரு கோப்பைக்குள் ஊற்றி, நீக்கிலார் எலிக்குட்டியை இளக்கினார். இனி அந்தக் கோப்பையில் தேத்தண்ணி குடிப்பதில்லை என்று நான் மனதுக்குள் ஒரு தீர்மானம் எடுத்தேன். அப்பளம் பொரிக்கிற புது இடுக்கி ஒன்றைக் கடையிலிருந்து எடுத்து வந்திருந்தேன்; அதையும் திரும்பத் தட்டில் வைக்க முடியாது.

சின்னவள், துளை போட்ட ஐஸ்கிரீம் பெட்டிக்குள் சுருண்டு கிடந்தாள். நீக்கிலார் எலியை அவளுடைய மூக்கடியில் ஆட்டினார். அவள் தலையைத் திருப்பினாள்.

"ஆட்டாதையும். சும்மா பிடியும்."

"கை நடுங்குது கிருபா."

"அப்ப முழங்கையை முழங்காலிலை ஊண்டும்."

ஊன்றினார். உள்ளே பாட்டு ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்கியது. பாம்பின் நாக்கு ஒருதரம் வெளியே வந்து போனது. பிறகு இன்னொரு தரம். பிறகு அது பாய்ந்ததை நான் பார்க்கவில்லை. பார்த்தபோது எலி அதன் சுருளுக்குள் இருந்தது. வெள்ளிக்கிழமை மச்சம் தொடாத நான், தாடை ஒருபக்கம் மறுபக்கமாக நகர்ந்து நகர்ந்து எலியின் வால் நுனியும் உள்ளே போகும்வரை கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். நீக்கிலார் சிலுவை போட்டார். உள்ளே சிலுவைப்பாதையின் எந்தத் தலத்தில் நின்றார்களோ தெரியாது.

றோசா வந்து முன்சீற்றில் ஏறிக் கதவைச் சாத்தினார்.

"திண்டுதோ?"

"திண்டிட்டுது. இனிக் குலுக்கக்கூடாது. குலுக்கினா அண்டைக்கு மாதிரி வெளியிலை வந்திடும். அதுக்குப் பிறகு ஒண்டும் செய்யேலாது" என்றார் நீக்கிலார்.

மொன்றியலில் மார்ச் மாதத்து ரோட்டில் குலுக்காமல் போகச் சொல்வதுதான் லேசான வேலை. பனி உருகி, ஒவ்வொரு சந்தியிலும் ஒரு குழி வாயைப் பிளந்துகொண்டிருந்தது. முதல் குழியில் வான் விழுந்தபோது நீக்கிலாரின் கையில் பெட்டியும் துள்ளியது. இரண்டாவது குழியில் றோசா பொறுமை இழந்தார்.

"கொண்டாங்கோ இஞ்சை."

பெட்டியைப் பறித்து, செபப்புத்தகத்தை மடியில் வைத்து, அதன்மேல் வைத்துக்கொண்டார். குழி வரும்போதெல்லாம் இரு கையாலும் பெட்டியை மடியிலிருந்து தூக்கிப் பிடித்தார். ரொக்ஸ்பரோ போய்ச் சேரும்வரை அவருடைய வாயிலிருந்து வந்ததெல்லாம் என் வண்டி ஓட்டத்தைப் பற்றிய விமர்சனம்தான்.

"மாட்டு வண்டியே ஓட்டுறியள் அண்ணை? உதிலை குழி. குழி. சொன்னன்தானே?"

உயிர்த்த ஞாயிறு மத்தியானம் ஆட்டிறைச்சியோடு போனேன். வீடு நிறையச் சனம். மாதாவுக்கு எதிரே இருந்த தொட்டியைக் காணவில்லை. அதைச் சமையலறைச் சுவரோடு, சூடு வருகிற பக்கமாக நகர்த்தியிருந்தார்கள். பிலோமினம்மா அதன் மூடியில் கை வைத்தார். பழைய சேலைக் கணக்கைத் தீர்க்க வந்தவர்போல இருந்தார்.

"அதிலை தொடாதையுங்கோ" என்றார் றோசா. "அவள் சாப்பிட்டிருக்கிறாள்."

நீக்கிலார் என்னை இழுத்துக்கொண்டு போய்த் தொட்டியின் மூலையைக் காட்டினார். அங்கே ஒரு சின்னக் கறுப்பு உருண்டை கிடந்தது. எலி போகவேண்டிய வழியால் போய்விட்டது. மனிதர் பேரப்பிள்ளையின் முதற்பல்லைக் காட்டுகிறவரைப்போலச் சிரித்தார்.

"அடுத்த சாப்பாடு எப்ப?" என்று றோசா அவரைக் கேட்டார்.

"வெள்ளி."

"என்ரை வானுக்கு அண்டைக்கு வேலை இருக்கு" என்றேன்.

"வெள்ளியிலைதான் குடுக்கவேணும் எண்டு ஆர் சொன்னது? வியாழனிலை குடுத்தா வயித்துக்குள்ளை போகாதோ?" என்று கேட்டார் றோசா.

நானும் நீக்கிலாரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். றோசா இறைச்சிப் பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு சமையலறைப் பக்கம் திரும்பினார்.

"எலியைப் பிறீசரிலை கீழ்த்தட்டிலை வையுங்கோ" என்றார் போகிற போக்கில். "மேல்தட்டு தேங்காய்ப்பூவுக்கு."