ஆறு சிலிண்டர் இழுத்த இழுப்பு

காணும் பொங்கலன்று மத்தியானம் தெய்வசிகாமணியின் ஜீப், பதினாறு டன் உப்பு ஏற்றிய லாரியைச் சேற்றிலிருந்து இழுத்தபோது, லாரியோடு சேர்ந்து பூமியும் ஒரு சாண் கிழக்கே நகர்ந்துவிட்டது. அதனால்தான் மறுநாள் மரக்காணத்தில் சூரியன் இரண்டு நிமிடம் முன்னதாகவே உதித்தது. இதை அவர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பத்துப் பேர் முன்னிலையில் சொன்னார். நம்பாதவர்கள் பலராமனைக் கேட்டுக்கொள்ளலாம், லாரி அவனுடையதுதான் என்று பெஞ்சில் பக்கத்தில் இருந்த சிநேகிதரைக் கைகாட்டவும் செய்தார்.

பலராமன் ஒரு வாய் டீ குடித்தார். இடது புருவத்தைத் தடவிக்கொண்டார்.

"என் லாரி அன்னிக்கு வீட்டு வாசல்லயே நின்னுச்சுப்பா. இவன் எதைப் பாத்துட்டு வந்து சொல்றான்னு தெரியல."

கடையே சிரித்தது. தெய்வசிகாமணிக்குச் சிரிப்பு புதிதல்ல. அரசு பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்த முப்பத்தைந்து வருடமும் அவர் லோடு லோடாகப் பொய் சொன்னவர்தான். ஓடுகிற பஸ்ஸுக்கு ஓடஓடவே டயர் மாற்றியதைச் சொன்னபோதுகூட, "ஆமா, நான் பாத்தேன்" என்று சாட்சி சொன்னவர் பலராமன். அத்தனை பொய்க்கும் தலையாட்டிய மனுஷன், ஒரே ஒரு நிஜத்துக்குக் கையை விரித்துவிட்டார்.

அதுவும் அந்த எஞ்சினைப் பற்றிய நிஜத்துக்கு.

ஓய்வு பெற்ற கையோடு தெய்வசிகாமணி வாங்கியது அறுபத்திரண்டாம் வருடத்து ஜீப். நாலு சிலிண்டர். கிளியனூர் போகும் வழியில் ஆட்டுக்குட்டிகள் அதை முந்திக்கொண்டு போகும். பொறுக்காமல், ராணுவ ஏலத்தில் வந்த ஒரு பழைய ஆறு சிலிண்டர் எஞ்சினைத் தேடிப் பிடித்தார். ஆறும் ஒரே வரிசையில் நிற்க, ரயில் மாதிரி நீளம். நாலுக்கான இடத்தில் ஆறு எப்படி உட்காரும்? ரேடியேட்டரை முன்னால் தள்ளி, பானெட்டுக்கு ஒரு முழம் தகரம் ஒட்டுப் போட்டார். வேலை முடிந்தபோது ஜீப்பின் மூக்கு திண்டிவனம் போய்ச் சேர்ந்து கால் மணி நேரம் கழித்துத்தான் ஓட்டுபவர் போய்ச் சேர்வார் என்ற நிலை. அந்த வேலை நடந்த மூன்று மாதமும் சங்கிலியைப் பிடித்து அங்குலம் அங்குலமாக எஞ்சினை இறக்கியவர் பலராமன். முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போது கார்புரேட்டரில் பெட்ரோல் ஊற்றியவரும் அவரே. குப்பென்று கிளம்பிய தீயில் போன இடது புருவம் பாதிதான் திரும்ப முளைத்திருக்கிறது.

எதிர் பெஞ்சில் இருந்த தட்சணாமூர்த்தி மட்டும் சிரிக்கவில்லை. அவருடைய உப்பளத்தில் ஒரு பாத்தியை எட்டு நாள் ஆட்கள் காலால் மிதித்து, களிமண்ணைத் தளம் போட்டதுபோல் இறுக்கியிருந்தார்கள். அப்படி இறுகினால்தான் உப்பு மண் கலக்காமல் வெள்ளையாக விளையும். அதன்மேல் செருப்புக்காலே படக்கூடாது. காணும் பொங்கலுக்கு எல்லோரும் கடற்கரைக்குப் போய்த் திரும்பினால், பாத்தி உழுத வயலாகக் கிடந்தது. நாலு நாளாக ஆளைத் தேடிக்கொண்டிருந்தார்.

"அப்ப உங்க ஜீப்பு என் பாத்தியில எறங்குச்சா?" என்றார்.

சும்மா சொன்னேன் என்றால் முடிந்தது. ஊரே நம்பியிருக்கும். தெய்வசிகாமணி பலராமனைப் பார்த்தார். பலராமன் டீ கிளாஸைப் பார்த்தார்.

"எறங்குச்சு. இழுத்துச்சு. ரெண்டும் நெசம்."

"ஆட்டம் காட்டப் போயி மாட்டியிருப்பான்" என்றார் பலராமன், தலையைத் தூக்காமலே.

பாத்தியைக் கெடுத்தவரே மிதித்துக் கொடுக்க வேண்டும் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். தட்சணாமூர்த்தி அதைத்தான் கேட்டார். தெய்வசிகாமணி சரி என்று எழுந்து வந்துவிட்டார்.

வீட்டில் மனைவி வைஜெயந்தி விஷயத்தை உடனே பிடித்துக்கொண்டாள். பலராமனின் மகள் கலைமதி வாழ்வது தட்சணாமூர்த்தி வீட்டில், மருமகளாக. உங்க பாத்தியைக் கெடுத்தது நான்தான் என்று சம்பந்தியிடம் எப்படிச் சொல்வார்?

"நீங்களாச்சும் சும்மா சொன்னேன்னு வந்திருக்கலாமில்லங்க."

"ஆயுசு பூரா சும்மாதான சொல்லிக்கினு இருந்தேன். இது ஒண்ணுதான் நெசம், வைஜெயந்தி."

மறுநாள் காலை பாத்தியில் இறங்கினார். உப்புத் தண்ணீர் குதிகால் வெடிப்பில் ஏறி உச்சந்தலை வழியாக வெளியே வந்தது. மூன்றாம் நாள் இரண்டு காலும் கருவாடாகி, எக்கியார்குப்பத்துப் பூனைகளெல்லாம் வரப்பில் வரிசை கட்டின. இந்தப் பூனைக் கதையை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஆமாம் என்று சொல்லப் பக்கத்தில் ஆள் இல்லை. வலியைவிட அதுதான் அவரை அறுத்தது.

ஐந்தாம் நாள் காலில் தகரம் இடறியது. தோண்டி எடுத்து வேட்டியில் துடைத்தார். வளைந்துபோன நம்பர் பிளேட். கயிறு கட்டிய இடத்தில் பிய்ந்திருக்கிறது, பலராமனின் லாரியுடையது. அந்த லாரியில் பெயின்ட் பளபளக்கப் புதுப் பிளேட் மாட்டியிருப்பதை அவர் முன்னமே கவனித்திருந்தார்.

கூப்பிடு தூரத்தில் தட்சணாமூர்த்தி நின்றிருந்தார். தெய்வசிகாமணி அவரைக் கூப்பிடவில்லை. பலராமனுக்குப் போன் போட்டார். வந்ததும், வரப்பில் நின்ற ஜீப்பின் நீள மூக்கின்மேல் பிளேட்டை வைத்தார்.

"இதை யாருக்கும் காட்டல, காட்டவும் மாட்டேன். எடுத்துனு போ. தகரம் வந்து எனக்குச் சாட்சி சொல்ல வேணாம்டா. புருவம் எரிஞ்சப்பகூட நீ ஓடலியே, இதுக்கா ஓடின?"

பதிலுக்கு நிற்காமல் திரும்பச் சேற்றில் இறங்கினார். முதுகுக்குப் பின்னால் செருப்பைக் கழற்றிப் போடும் சத்தம். பலராமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிப் பக்கத்தில் மிதிக்க ஆரம்பித்தார். தெய்வசிகாமணி திரும்பிப் பார்க்கவில்லை.

வெயில் சாயும்போது தட்சணாமூர்த்தி வரப்போரம் வந்தார். "இன்னா சம்பந்தி, நீங்க எதுக்கு எறங்கினீங்க?"

பலராமன் கரையேறி, பிளேட்டை எடுத்து நீட்டினார்.

"என்னுதுங்க. வரப்பைச் சுத்திப் போகச் சோம்பப்பட்டு லாரியை நான்தான் எறக்கினேன். இவன் வந்து இழுத்துவுட்டான். கலைமதி மொகத்தை நெனச்சிப் பொய் சொல்லிட்டேன்."

தட்சணாமூர்த்தி பிளேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மீதி மூன்று நாளும் நீங்கள்தான் மிதிக்க வேண்டும் என்றார். பலராமன் தலையாட்டினார். போகிற போக்கில் தட்சணாமூர்த்தி நின்றார்.

"அந்தப் பூமி நகந்துச்சுன்றது?"

தெய்வசிகாமணி முதல்முறையாக நிமிர்ந்து சிநேகிதரைப் பார்த்தார். இந்தத் தடவை பலராமனின் கை புருவத்துக்குப் போகவில்லை.

"மறுநாள் ரெண்டு நிமிஷம் முன்னாடிதாங்க விடிஞ்சிச்சு" என்றார். "நான் பாத்தேன்."