சம்பந்தம் பேசியவருக்கு முதல் தாம்பூலம்

சுடலையம்மாள் பதில் சொல்லத் தெரியாமல் நின்றதை இராஜபாளையத்தில் ஒருத்தரும் பார்த்ததில்லை. பேண்டேஜ் கம்பெனியில் ஒரு பெண் பட்டாளத்தையே கட்டி மேய்க்கிறவள் நான். மானேஜரே என்னிடம் வார்த்தையை அளந்துதான் விடுவார். அப்பேர்ப்பட்ட என்னையும் 1999-ல் ஒரே ஒரு கேள்வி ஊமையாக்கியது: "ஒம் மகளுக்கு மாப்பிள்ளை எப்படி அமைஞ்சுது?"

என் மகள் சந்தனம் இன்னொரு பேண்டேஜ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறாள். வெளிநாட்டு ஆர்டருக்கு இ-மெயில் அனுப்ப, சாயங்காலம் சேக் முகைதீன் பாய் வைத்திருக்கிற பிரவுசிங் சென்டருக்குப் போவாள். ஒரு மெயில் போய்ச் சேருவதற்குள் ஒரு உலை சோறு வடித்துவிடலாம், அவ்வளவு வேகம்! சும்மா உட்கார்ந்திருக்கிற நேரத்தில் சாட்டிங் என்று ஒன்றில் முகம் தெரியாத எவனோடோ இங்கிலீஷில் பேசத் தொடங்கியிருக்கிறாள். அவன் அமெரிக்காவில் இருப்பதாக இவள் நினைத்தாள். இவள் லண்டன்காரி என்று அவன் நினைத்தான். ஆனால் கரண்ட் மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் போனது. அடுத்த நாளும் போனது. அப்புறம்தான் சந்தேகம் வந்து ஊரைக் கேட்டிருக்கிறார்கள். உலகம் பூராவும் தேடி என் மகள் பிடித்தது வன்னியம்பட்டி ரத்தினத்தை. வேலை ஸ்ரீவில்லிபுத்தூர் உரக்கடையில், சாட்டிங் அங்கே பக்கத்து பிரவுசிங் சென்டரில்.

"டவுன் பஸ்ல ஏறியிருந்தாலே இவனப் பாத்திருக்கலாமேட்டி! இதுக்கு எதுக்கு கம்ப்யூட்டரு?" என்று கத்தினேன்.

"டவுன் பஸ்ல எவம்மா பேசுதான்? முறைச்சுல்லா பாக்கான்" என்றாள்.

அவளை வந்து பார்த்தவர்கள் கொஞ்சமா? ஒருத்தன் நிறம் கம்மி என்றான். ஒருத்தன் உயரம் ஜாஸ்தி என்றான். ஒரு வீட்டார் கேசரியை இரண்டாம் தடவை கேட்டு வாங்கித் தின்றுவிட்டுப் பதிலே சொல்லவில்லை, நாசமாய்ப் போகிறவர்கள். ஒவ்வொரு தடவையும் சந்தனம் கொல்லையில் உட்கார்ந்து காபி டம்ளர்களைத் தேய்ப்பாள். அந்த முகத்தைப் பார்க்க மாட்டாமல் நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். இப்போது தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்: "இனி ஒருத்தன் முன்னால காபித் தட்டோட வந்து நிக்க மாட்டேன். ரத்தினம் இல்லன்னா எனக்குக் கல்யாணமே வேண்டாம்."

பையன் வீட்டில் வந்து பேசினார்கள், தங்கமான மனுஷர்கள். சாதியும் ஒன்றாக அமைந்துவிட்டதால் என் வீட்டுக்காரர் கருத்தையா அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. ஊருக்கு என்னவென்று சொல்வது? எண்பத்தாறில் என் அக்கா மகளுக்குப் பேப்பரில் விளம்பரம் கொடுத்து மாப்பிள்ளை எடுத்தோம். அக்கா இன்றைக்கும் "தெரிஞ்சவிய மூலமா வந்துச்சு" என்றுதான் சொல்கிறாள். பேப்பருக்கே அந்தக் கதி என்றால் கம்ப்யூட்டருக்கு?

அதிலும் எங்களில் ஒரு வழக்கம் உண்டு. நிச்சயத்தன்று சம்பந்தம் பேசி முடித்தவரைச் சபையில் கூப்பிட்டு, வேட்டி துண்டோடு முதல் தாம்பூலம் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் தட்டு மாற்றுவார்கள். ஆள் வேண்டுமே! சேத்தூரிலிருந்து என் தம்பி சின்னக்கருப்பனை வரவழைத்தேன். யூரியா வாங்கப் போன இடத்தில் பையனைப் பார்த்து, பிடித்துப்போய்ப் பேசி முடித்ததாகச் சொல்லச் சொன்னேன். அவன் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்து, கடைசியில் அவனே அதை நம்பிவிட்டான். சம்பந்தி வீட்டாரிடம் மட்டும் இதைச் சொல்லவில்லை. கூச்சம்.

நிச்சயத்தன்று எங்கள் வீடு கொள்ளாத கூட்டம். பெரியவர் ஆவுடையப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சம்பந்தம் பேசுனவுக எந்திரிச்சு வாங்க" என்றார்.

இரண்டு பேர் எழுந்தார்கள்.

ஒருவன் என் தம்பி. இன்னொருவன் மாப்பிள்ளை வீட்டோடு வந்த வீரணன், வன்னியம்பட்டி டீக்கடைக்காரன். அட கடவுளே, அவர்களும் ஒரு ஆளைத் தயார் செய்திருக்கிறார்கள்!

"நீரு எங்கய்யா வாரீரு? யூரியா வாங்கப் போனப்பம் பையனப் பாத்துப் பேசுனது நானு" என்றான் தம்பி.

"யூரியாவாம்ல யூரியா! ஸ்ரீவில்லிபுத்தூர் தேர்ல பொண்ணப் பாத்து, வீடு வரைக்கும் வந்து விசாரிச்சவன் நானு" என்றான் வீரணன்.

ஆளுக்கொரு முனையாகத் துண்டைப் பிடித்து இழுத்தார்கள். பாவிகள், செய்யாத வேலைக்கு என்ன ரோஷம்! மாப்பிள்ளை ரத்தினம் தலையைக் குனிந்துகொண்டு வேர்த்து வழிந்தான். அவனுடைய பெரியம்மா மாரியாத்தாளுக்கு அவர்கள் விஷயத்தைச் சொல்லவில்லை போலிருக்கிறது, எழுந்து நின்றாள்.

"அப்பம் ரெண்டும் பொய்யி! எதையோ மறைக்காவ. பொண்ணுகிட்ட என்ன கொறையோ? எந்திரிங்க எல்லாரும், வேனை எடுக்கச் சொல்லு!"

மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். நான் உள் வாசலைப் பார்த்தேன். சந்தனம் பட்டுச்சேலையில் நின்றாள். முகம் மட்டும் டம்ளர் தேய்க்கிற முகம். எனக்கு எங்கிருந்துதான் அந்த ஆங்காரம் வந்ததோ!

"உக்காருங்க எல்லாரும்!" என்றேன். கம்பெனிக் குரல். மாரியாத்தாள்கூட உட்கார்ந்துவிட்டாள். "ஆமா, மறைச்சோம். நாங்களும் மறைச்சோம், அவியளும் மறைச்சாவ. பொண்ணும் பையனும் கம்ப்யூட்டர்ல பேசிப் பழகி, ஒருத்தருக்கொருத்தர் பிடிச்சுப்போயி, பொறவுதான் எங்ககிட்டச் சொன்னாவ. எம் மவளுக்கு ஒரு கொறையும் கெடையாது. கொறையெல்லாம் வெக்கப்பட்ட எங்ககிட்டதான்."

ஆவுடையப்பன் மோவாயைத் தடவினார். "சரித்தா. அப்பம் தாம்பூலத்தை யாருக்குக் குடுக்க? கம்ப்யூட்டருக்கா?"

யாரோ பின்வரிசையில் இருந்த பிரவுசிங் சென்டர் சேக் முகைதீன் பாயைக் கைகாட்டினார்கள். அவர் பதறி எழுந்தார். "நமக்கு வேண்டாங்க. ஏற்கெனவே ரெண்டு பேரு இழுக்காவ, மூணாவது ஆளு சேந்தா துண்டு தாங்காது."

நான் போய் அந்த இரண்டு பேர் கையிலிருந்தும் துண்டைப் பிடுங்கினேன். வேட்டியையும் வெற்றிலை பாக்கையும் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு உள் வாசலுக்குப் போனேன். சந்தனத்தின் தோளில், பட்டுச்சேலைக்கு மேலே, துண்டைப் போட்டேன்.

"தேடுனது இவ. விசாரிச்சது இவ. பேசி முடிச்சதும் இவதான். மொதத் தாம்பூலம் இவளுக்கு."

அவள் தட்டை வாங்கினாள். எத்தனையோ தடவை காபித் தட்டைப் பிடித்த கை அது. இப்போது அதில் வெற்றிலைத் தட்டு. எனக்கு அழுகை வந்துவிட்டது, அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்?

ஆவுடையப்பன் சபையைப் பார்த்துத் திரும்பினார். "பேசுனவுகளுக்குத்தான மரியாதை? மொறை ஒண்ணும் தப்பலியே. தட்டை மாத்துங்கய்யா."

சாப்பாட்டுப் பந்தியில் மாரியாத்தாள் பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே சந்தனத்தைப் பக்கத்தில் கூப்பிட்டாள். துண்டு இன்னும் அவள் தோளில்தான் கிடந்தது. மாரியாத்தாள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஏட்டி, எம் மூத்தவனுக்கும் ஒண்ணும் அமையாம இழுத்துக்கிட்டே போவுது. நீ அந்தக் கம்ப்யூட்டர்ல ஒரு பொண்ணப் பேசி முடி. வேட்டி துண்டு நானே எடுத்துத் தாரேன்."

"நான் பேசுனா துண்டு எனக்குல்லா வரும்?" என்றாள் என் மகள். "அவரையே கம்ப்யூட்டர்ல வந்து பேசச் சொல்லுங்க, அத்தை."