செங்கம் ரோட்டில் ஒரு படிகம்

பௌர்ணமியன்று திருவண்ணாமலைக்குள் நுழைவதைவிடக் கடலை நீந்திக் கடந்துவிடலாம். அந்த ஊரிலேயே பிறந்த ஆஃப்ஷீனுக்கு இது தெரியாதா என்ன? தெரிந்தும் அன்றைக்குத்தான் வரவேண்டியிருந்தது. பெங்களூரில் எக்ஸ்ரே கருவியை அவள் ஆராய்ச்சிக்கு மறுநாள் காலை ஒதுக்கியிருந்தார்கள். பாண்டிச்சேரியில் ஏறிய பஸ் கீழ்பென்னாத்தூர் தாண்டி ஊர் எல்லையிலேயே நின்றுவிட்டது. பெங்களூர் பஸ் கிளம்புவதோ ஊருக்கு அந்தப் பக்கம், செங்கம் ரோட்டில். நடுவே லட்சம் ஜனம்.

கையில் ஒரு தெர்மாகோல் பெட்டி. உள்ளே ஐஸ் பைகளுக்கு நடுவில், குழி குழியாக ஒரு பிளாஸ்டிக் தட்டு. ஒவ்வொரு குழியையும் மூடிய கண்ணாடிச் சில்லின் அடியில் ஒரு சொட்டு தொங்கியது. சொட்டுக்குள் ரவையைவிடச் சின்னதாக ஒரு படிகம். காசநோய்க் கிருமி தன் சுவரைக் கட்டிக்கொள்ள ஒரு புரதம் வைத்திருக்கிறது. அந்தப் புரதத்தின் படிகம்தான் இது. எக்ஸ்ரேயில் வைத்தால் புரதத்தின் வடிவம் தெரியும். தட்டு குலுங்கினால் சொட்டு விழும், மூன்று வருஷ உழைப்பும் அதோடு விழும். இந்த முறையும் ஒன்றும் கிடைக்காவிட்டால் வேறு ஆராய்ச்சி பார்த்துக்கொள் என்று பேராசிரியர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அண்ணன் அஜ்மல் டி.வி.எஸ். ஃபிஃப்டியோடு காத்திருந்தான்.

“ஏறு. சந்து வழியா பூந்து விட்டுர்றேன்.”

“உன் வண்டியில ஏறுனா இட்லி மாவே கலங்கிடும். நான் நடந்து போறேன்.”

“இந்தக் கூட்டத்துலயா? இன்னா, பைத்தியமா உனக்கு?”

“ஆமா. பின்னாலயே வா. யாரும் இடிக்காம பாத்துக்க.”

அவள் போட்ட கணக்கு வேறு. கிரிவலத்தில் யாரும் ஓடமாட்டார்கள். நிறைமாதக்காரி மாதிரி அடிமேல் அடி வைத்து நடக்கவேண்டும் என்பது வழக்கம். அவளுக்கும் அந்த நடைதான் வேண்டும். செருப்பைக் கழற்றி அண்ணனிடம் கொடுத்தாள். துப்பட்டாவைத் தலையில் இழுத்துவிட்டு, பெட்டியை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு கூட்டத்தில் இறங்கினாள். அஜ்மல் வண்டியைப் பூட்டிவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே பின்னால் வந்தான்.

கோயிலைத் தாண்டியதும் நெரிசல் கழுத்தைப் பிடித்தது. ஒரு முழங்கை பெட்டியில் இடிக்க, அவளுக்கு உயிரே போய்வந்தது. அப்போது பக்கத்தில் நடந்துகொண்டிருந்த போளூர்க்காரி ஒருத்தி அவளை உற்றுப் பார்த்தாள். காசியம்மாள் என்று பெயர்.

“இன்னாம்மா, வேண்டுதலா?”

ஆஃப்ஷீன் பதில் சொல்வதற்குள் அவளே முடிவு செய்துவிட்டாள். “வழி வுடுங்க, வேண்டுதலு போவுது” என்று குரல் கொடுத்தபடி முன்னால் போனாள். கூட்டம் இரண்டாகப் பிளந்தது. ஒரு பெரியவர் பெட்டியைப் பார்த்துக் கும்பிடவே செய்தார். பேசாமல் வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். ஆஃப்ஷீனுக்கு மனசு கேட்கவில்லை.

“இது வேண்டுதல் இல்லீங்கம்மா. டி.பி. கிருமியில இருக்கிற ஒரு பொருளு. ஒட்டாது, பயப்படாதீங்க. அது எப்படி இருக்குதுன்னு தெரிஞ்சா அந்தக் கிருமிய ஒடைக்க மருந்து தேடலாம்.”

பின்னால் அஜ்மல் நாக்கைக் கடித்துக்கொண்டான். இனி யார் வழிவிடுவார்கள்?

காசியம்மாள் திரும்பிப் பெட்டியைப் பார்த்தாள்.

“எம் பொண்ணு அதுலதான் போனா” என்றாள். பிறகு முன்னைவிட உரக்க, “வழி வுடுங்க” என்றாள்.

செங்கம் ரோட்டில் கிரிவலப் பாதை வலப்பக்கம் திரும்பியது. காசியம்மாள் திரும்பவில்லை. நேரே பஸ் நிற்கும் இடம்வரை கூடவே வந்தாள். ஆஃப்ஷீன் ஒரு படிக்கட்டில் உட்கார்ந்து மெதுவாக மூடியைத் திறந்தாள். சொட்டுகளில் பாதிக்குமேல் விழுந்திருந்தன. மற்றவை தொங்கிக்கொண்டிருந்தன. அது போதும். காசியம்மாள் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

“நானும் பாக்கலாமா?”

தட்டைச் சாயாமல் தூக்கிச் சாயங்கால வெளிச்சத்தில் காட்டினாள். சொட்டுக்குள் படிகம் பளிச்சென்று மின்னியது. காசியம்மாள் கண்ணை இடுக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

“இவ்ளோ அழகா இருக்குதே” என்றாள். “எம் பொண்ண எலும்பா உருக்குனது இதுவா?”



காசியம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தட்டில் வெயில் படாமல் முந்தானையை விரித்துப் பிடித்தாள்.

“மூடும்மா, சூடு ஏறிடப் போவுது. பத்தரமா கொண்டும்போயி ஒடச்சிப் போடு.”