பதினொரு அறைகள், இரண்டு பேர்

ஐந்தாம் அறையின் பைப்பைத் திறந்தால் முதலில் இருமும், பிறகு துருநிறத்தில் தண்ணீர் கொட்டும். அது தெளியும்வரை நான் வாளியோடு நிற்க வேண்டும். பிறகு ஆறாம் அறை, ஏழாம் அறை. ஆள் தங்காத அறையைப் பைப் காட்டிக்கொடுத்துவிடுமாம். இதெல்லாம் என் கணவர் வலன்ரைனின் படிப்பு.

இருபது வருடம் படகு ஓட்டிய மனிதருக்கு ஐம்பத்தாறாம் வயதில் படிப்பு ஏறியது. தலைமன்னாரிலிருந்து இந்தியாவுக்கு மறுபடியும் கப்பல் ஓடும் என்று எல்லோரும் சொன்ன வருடத்தில், பேசாலை வீட்டையும் படகையும் விற்று, போதாததற்கு வங்கியிலும் கடன் எடுத்து இந்த ஹோட்டலைக் கட்டினோம். கப்பல் வரவில்லை. ஆட்களும் வரவில்லை. நாற்பது நாளில் ஹோட்டலை மதிப்பிட ஆள் வருவார், பெறுமதி போதாவிட்டால் ஏலம் என்று வங்கி கடிதம் போட்டது. அன்றைக்கே இவர் ஒரு கொப்பி வாங்கினார். ஹோட்டல்களை மதிப்பிடுவது எப்படி என்று கைத்தொலைபேசியில் ஓர் ஆங்கில வகுப்பு இருந்தது. ஒரு சொல்லுக்கு நாலு தரம் நிறுத்தி, அர்த்தம் தேடி, கொப்பியில் தமிழில் எழுதிக்கொள்வார். பள்ளிக்கூடத்தில் இந்த அக்கறையில் பாதி இருந்திருந்தால் இன்றைக்குக் கந்தோர் உத்தியோகத்தில் ஃபேனுக்குக் கீழே இருந்திருப்பார் என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"வீட்டுக்குச் சுவர்தான் விலை, பெற்றிசியா. ஹோட்டலுக்கு ஆள் படுக்கிற இரவுதான் விலை. மதிப்பிட வாறவை அதைத்தான் பாப்பினம்."

அதனால் நாங்களே படுக்கத் தொடங்கினோம். ஓர் இரவு ஓர் அறை. குளியலறையில் சவர்க்காரம் தேய வேண்டும், மெத்தை அமுங்க வேண்டும். எங்களுக்கும் வேறு வீடு இல்லைதானே. வருகைப் பதிவேட்டில் தங்க வந்தவர்கள் என்று அவர் சில பெயர்களை எழுதினார். எல்லாம் தெரிந்த பெயர்கள்தான்: அவரோடு கடல் தொழிலுக்குப் போனவர்கள், என்னோடு ஞாயிறு மறைக்கல்விக்கு வந்தவர்கள். பாவசங்கீர்த்தனத்தில் குருவானவரிடம் சொல்ல வேண்டியவற்றை நான் மனதில் ஒரு பக்கம் ஒதுக்கி வைத்துக்கொண்டேன். சில காலைகளில் கண் விழித்ததும் கதவு எந்தப் பக்கம் என்று தெரியாமல் கட்டிலிலேயே இருப்பேன். நாற்பது நாளும் இப்படித்தான் போயின.

மதிப்பீட்டாளர் வருவதற்கு முதல்நாள் மத்தியானம் சோறு ஆறிக்கிடந்தது. இவர் கொப்பியைப் பார்த்தபடியே இருந்தார். கடைசிப் பாடம் முடிந்துவிட்டதாம்.

"கட்டடம் உழைக்காட்டி வெறுங்காணியின்ர விலைதானாம். அதிலயும் இடிக்கிற செலவைக் கழிக்கோணுமாம்." கொப்பியை மூடினார். "நாங்கள் இதைக் கட்டாமல் விட்டிருந்தா காணி இதைவிடப் பெறுமதி."

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியாததால் சட்டிகளைத் தூக்கிப் போட்டுக் கழுவினேன். இந்த வயதில் யாருடைய வீட்டுக்கு, எந்தப் பையோடு போவது? அன்றிரவு மூன்றாம் அறை. இரண்டு பேரும் தூங்கவில்லை. ஆனாலும் மெத்தை அமுங்கியிருக்கும்.

மதிப்பீட்டாளர் நானாட்டான் ஊர்ப் பக்கத்துப் பிள்ளை, சுவேதினி என்று பெயர். ஸ்கூட்டியில் வந்தாள், தோளில் அளவு நாடா. ஒவ்வொரு அறையிலும் நேரே குளியலறைக்குப் போய்ப் பைப்பைத் திறந்தாள். தெளிந்த தண்ணீர். சவர்க்காரத்தைப் பார்த்தாள், தேய்ந்திருந்தது. இவர் பரீட்சை எழுதுகிற பிள்ளையைப் போல அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு பின்னால் நடந்தார்.

ஏழாம் அறையில் மெத்தையைப் பார்க்கத் தலையணையைத் தூக்கியவள் சற்று நின்றாள். எட்டாம் அறையிலும் தூக்கினாள். ஒன்பதாம் அறையில் தூக்கவில்லை. என் கொண்டையைப் பார்த்தாள்.

"அன்ரி, தலைக்கு என்ன எண்ணெய் வைக்கிறனீங்கள்?"

"வீட்டில காய்ச்சினது பிள்ளை. கருவேப்பிலை, வெந்தயம் போட்டு..." பாதியிலேயே எனக்கு விளங்கிவிட்டது: எல்லாத் தலையணையிலும் ஒரே மணம். பைப், சவர்க்காரம், மெத்தை எல்லாம் கொப்பியில் இருந்தன. என் தலை இருக்கவில்லை.

"நல்ல மணம்" என்றாள் அவள், நிலத்தைப் பார்த்துக்கொண்டு.

விறாந்தையில் தேத்தண்ணி கொடுத்தேன். அவளுடைய படிவத்தில் ஒரு பெட்டி மட்டும் வெறுமையாக இருந்தது. இவர் அதையே பார்த்தார்.

"அந்தப் பெட்டி ஆள் படுத்த இரவுக்கெண்டு எனக்குத் தெரியும், பிள்ளை. நானும் படிச்சனான். அதில சைபர் போட்டா எங்களுக்கு ஒண்டுமில்லை."

அவள் கோப்பையைக் கையில் வைத்துச் சுற்றினாள். "பொய் எழுதேலாது அங்கிள். படிவத்தைத் திங்கள்தான் குடுக்கோணும். அதுக்குள்ள ஆரும் உண்மையா வந்து தங்கினா எனக்கு ஃபோன் அடியுங்கோ. அதையாவது எழுதுறன்."

ஓர் இரவால் என்ன ஆகிவிடும்? ஒன்றும் ஆகாது என்று இவருக்குத் தெரியும். படித்தவர். இருந்தாலும் அவள் போனதும் கதிரையை வாசற்படலைப் பக்கம் திருப்பிப் போட்டு, அதில் உட்கார்ந்து தெருவைப் பார்த்தபடி இருந்தார். நான் பதினொரு அறைக்கும் போய்த் தலையணை உறைகளை உருவினேன். இருபத்திரண்டு. எண்ணெய் போகும்வரை, கை எரிய எரியக் கும்மித் தோய்த்தேன். என்னை நானே கழுவி எடுப்பது போல இருந்தது. படலையிலிருந்து கிணற்றடிவரை கொடி கட்டி எல்லாவற்றையும் காயப்போட்டேன். கச்சான் காற்று நல்லாக வீசியது.

நாலு மணிபோலத் தலைமன்னார்ப் பக்கமிருந்து ஒரு வான் வண்டி வந்தது. கூரையில் பைகள் கட்டியிருந்தன. எங்கள் படலைக்குக் கிட்ட வேகம் குறைந்தது, சிக்னல் மினுங்கியது. இவர் எழும்பி ஷேர்ட்டை இழுத்துவிட்டார். வான்காரர் கண்ணாடியை இறக்கி முற்றத்தை எட்டிப் பார்த்தார். இருபத்திரண்டு உறைகளும் காற்றில் உப்பிக்கொண்டு ஆடின. யார் பார்த்தாலும் இந்த ஹோட்டலில் ஓர் அறையும் மிச்சமில்லை என்றுதான் நினைப்பார்கள். உள்ளே இருந்தவர்களிடம் திரும்பி அவர் ஏதோ சொன்னார். சிக்னல் நின்றது, வான் மறுபடி நகர்ந்தது.

"இடமிருக்கு!" என்று கத்திக்கொண்டு இவர் படலைக்கு ஓடினார். நான் கொடியிலிருந்து ஈர உறைகளை இரண்டு கையாலும் இழுத்து இழுத்து மண்ணில் போட்டுக்கொண்டிருந்தேன்.