பெயர் வெட்டிய கொப்பரை

எங்கள் கொப்பரையில் ஓட்டை விழுந்தது ஆடி மாதம் இரண்டாம் வெள்ளிக்கிழமை. நாள் நன்றாக நினைவிருக்கிறது. அன்றைக்குத்தான் என் தங்கை தங்கமணிக்கு ஒன்பதாம் மாதம் பிறந்தது.

ரங்கூனில் பசுண்டாங் ஓடைப் பக்கம், எட்டுக் குடித்தனம் இருந்த மரவீடு அது. பின்கட்டில் குளிக்கும் தொட்டி. அதன் பக்கத்தில் செங்கல் அடுப்பு கட்டி, அதில் மண் பூசிப் பதித்த பெரிய செப்புக் கொப்பரை. விடிகாலையில் ஒரு குடித்தனம் தீ மூட்டினால் எட்டுக் குடித்தனத்துக்கும் வெந்நீர். வீடு பேச வந்த அன்று வீட்டுச் சொந்தக்காரரான செட்டியாரின் மேலாள் நல்லப்பன் எங்களுக்கு முதலில் காட்டியது அறையை அல்ல, அந்தக் கொப்பரையைத்தான்.

"ரங்கூன்ல எந்த வீட்டுல இப்படி வெந்நி கெடைக்கும், சொல்லுங்க பாப்பம்" என்றார்.

அதே வாயால்தான் இன்னொன்றும் சொன்னார். மரத்தளம் என்பதால் அறைக்குள் சோறு பொங்க ஒரு சின்னக் கரி அடுப்பு மட்டும். வேறு எங்கே தீ மூட்டினாலும் அன்றைக்கே காலி செய்ய வேண்டும். கொப்பரை இருக்கிற தைரியத்தில் எல்லோரும் தலையாட்டினோம்.

ஓட்டை விழுந்ததும் போய்ச் சொன்னேன். "பாப்பம்" என்றார். மறுவாரமும் சொன்னேன். "பாப்பம், பாப்பம்" என்றார். ஒரு பாப்பம் இரண்டு பாப்பம் ஆனதுதான் மிச்சம். மூன்றாம் வாரம்தான் விஷயம் வெளியே வந்தது. யாரோ நெல் வியாபாரிக்கு மூட்டை அடுக்கக் கிட்டங்கி வைக்க முழு வீடும் வேண்டுமாம். வாடகைச் சட்டம் வந்த பிறகு பழைய குடிகளை நினைத்தபடி எழுப்பிவிட முடியாது. வெந்நீர் இல்லாமல் போனால் நாங்களே எழுந்து போய்விடுவோம் என்பது மேலாளின் கணக்கு. கீழ்வீட்டில் இரண்டு குடித்தனம் அப்படியே மூட்டை கட்டியும் விட்டது.

என் வீட்டுக்காரர் ரெங்கசாமி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். அங்கே யானை கனம் தூக்குவார். வீட்டுச் சொந்தக்காரன் முன்னால் ஒரு வார்த்தை தூக்க மாட்டார்.

"நமக்கெதுக்கு வம்பு, ஆண்டாளு. வேற எடம் பாத்துக்குவோம்."

"நெறமாசக்காரிய எங்க கூட்டிக்கிட்டு அலையிறது? அவ புருசன் ஆத்துக் கப்பல்ல மேல போயிருக்காரு. என்ன நம்பித்தானே விட்டுட்டுப் போனாரு?"

நான் எதை நினைத்துக்கொண்டு பேசுகிறேன் என்று அவருக்குத் தெரியும். ஆறு வருஷத்துக்கு முன் ரங்கூனுக்கு அக்கரையில், சிரியம் என்ற ஊரில் ஒரு குடிசையில் இருந்தோம். அடைமழை. பிள்ளை பெற்ற ஐந்தாம் நாள் பச்சைத் தண்ணீரில் தலை முழுகினேன். ஜன்னி கண்டு நான் பிழைத்தேன், பால் குடிக்க வேண்டிய பிள்ளை பிழைக்கவில்லை. டாக்டர் அதற்கு வேறு காரணம் சொன்னார். சொல்லிவிட்டுப் போகட்டும். என் தங்கை உடம்பில் பச்சைத் தண்ணீர் படக்கூடாது, அவ்வளவுதான்.

கோர்ட்டு வாசலில் மனு எழுதும் தங்கவேலுவிடம் போனேன். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"வாடகைய மட்டும் நிறுத்திப்புடாதீங்கம்மா. நிறுத்துனா குத்தம் உங்க மேல திரும்பிரும். வீட்டோட சேத்துக் குடுத்த வசதிய அவுங்க பிடுங்கக் கூடாது. அதத்தான் எழுதப் போறேன்."

எழுதினார், கைநாட்டு வைத்தேன். சர்க்கார் வாடகை ஆபீசிலிருந்து மேலாளுக்குக் கடிதம் போனது. எட்டாம் நாள் பதில் வந்தது. தங்கவேலு அதைப் படித்துக் காட்டினார். அந்தக் கொப்பரை வீட்டைச் சேர்ந்ததே அல்லவாம். முன்பு குடியிருந்த யாரோ விட்டுப் போனதாம். செட்டியாருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லையாம்.

"இதுக்கு சாட்சி வேணும்மா" என்றார் தங்கவேலு. "செவ்வாக்கெழம பத்து மணிக்கு ஆபீஸ் குமாஸ்தா நேர்ல பாக்க வர்றாரு. மேலாளும் இருப்பாரு. அவர் இல்லேம்பாரு, நீங்க ஆமாம்பீங்க. எழுத்துல இருக்கறது அவர் பேச்சு."

வீட்டுக்கு வந்து கொப்பரை முன்னால் உட்கார்ந்தேன். விட்டுப் போனதாமே! கப்பலேறும்போது நம் ஜனம் நசுங்கின சொம்பைக்கூட விட்டுப் போகாது. இவ்வளவு செம்பை எவன் விட்டுவிட்டுப் போவான்? அதுவும் செட்டியார் வீட்டுச் சாமான். கரண்டி ஒன்று காணோமென்றால் ஊரையே கூட்டுகிறவர்கள். அப்படி நினைத்தபோதே எழுந்துவிட்டேன். நேரே பழைய செம்பு வாங்கும் சுலைமான் பாய் கடைக்குப் போனேன்.

"பாய், செவ்வாக்கெழம பத்து மணிக்குத் தள்ளுவண்டியும் கடப்பாறையும் கொண்டாங்க. நான் சொல்றவரைக்கும் வாயத் தொறக்காதீங்க."

"தங்கச்சி சொன்னாச் சரி" என்றார், எதற்கென்று கேட்காமலே.

திங்கட்கிழமை விடியற்காலையில் தங்கமணிக்குப் பெண்குழந்தை பிறந்தது. கரி அடுப்பில் சொம்பு சொம்பாகக் காய்ச்சித் துடைத்துவிட்டோம். ஆனால் வெள்ளிக்கிழமை தலைக்கு ஊற்ற வேண்டும். அதற்குப் பத்துக் குடம் வேண்டும், அதுவும் கொதிக்கக் கொதிக்க. என் கையில் இருந்தது நான்கே நாள்.

செவ்வாய்க்கிழமை மழை சற்று விட்டிருந்தது. குமாஸ்தா கோ பா தின் வந்தார். பர்மாக்காரர், இளவயசுதான், பேனாவும் நோட்டுமாக நின்றார். நல்லப்பன் குடையை ஊன்றிக்கொண்டு, பர்மாப் பேச்சில் முன்பு எழுதினதையே ஒப்பித்தார். எங்களுடையது இல்லை, யாருடையது என்றும் தெரியாது. கோ பா தின் எழுதிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

நான் எனக்குத் தெரிந்த பர்மாவில் சொன்னேன். "அவர் சொல்றது நெசமாத்தான் இருக்கும். சொந்தக்காரன் இல்லாத சாமான். ஓட்டை வேற. எடத்த அடச்சிக்கிட்டுக் கெடக்குது." பிறகு தள்ளுவண்டியோடு காத்து நின்ற பாயைத் தமிழில் கூப்பிட்டேன். "பாய், பேத்து எடுங்க. எடைக்குப் போட்டுட்டு மிச்சமிருக்கிற ஆறு குடித்தனமும் சேந்து புதுசு வாங்கிக்கிறோம்."

சுலைமான் பாய் கடப்பாறையை அடுப்பின் மண்ணில் ஒரு போடு போட்டார். மண் பெயர்ந்து விழுந்தது. நல்லப்பன் முகத்தைப் பார்த்தேன். முதலில் சிரித்தார். இரண்டாவது போட்டில் சிரிப்பு போயிற்று. பாய் விளிம்பில் கைவைத்து, "நல்ல கனம். பழங்காலத்துச் செம்பு" என்று தட்டினார். கொப்பரை கணீரென்றது.

அவ்வளவுதான். நல்லப்பன் குடையைப் போட்டுவிட்டுப் பாய்ந்தார்.

"ஏய், கைய எடு! யார் வீட்டுச் சாமான யாரு விக்கிறது?"

"யார் வீட்டுச் சாமானுங்க?" என்றேன்.

"எங்க முதலாளி வீட்டுது! பேர் வெட்டியிருக்கு, கண்ணு தெரியலியா?" பேசிக்கொண்டே வேட்டி மடிப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து, மண்ணுக்குள் மறைந்திருந்த விளிம்பைச் சுரண்டினார். கரிக்குள்ளிருந்து புள்ளி புள்ளியாக எழுத்து வந்தது. விரலை வைத்து அவரே படித்துக் காட்டினார்: அருணாசலம் செட்டியாரின் பெயர், அதன் கீழே வீட்டு நம்பர். "நானே பக்கத்துல நின்னு வெட்ட வச்சேன்!"

கோ பா தின்னுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் சாவியும் விரலும் காட்டியதை அவர் பார்த்தார். "என்ன சொல்கிறீர்கள்?" என்று பர்மாவில் கேட்டார். வண்டி கிளம்பிவிடுமோ என்ற பதற்றத்தில் மேலாள் அதையும் பர்மாவில் தெளிவாகச் சொன்னார். எங்களுடையது, இந்த வீட்டுக்கென்று செய்தது, பெயரும் நம்பரும் இதோ.

குமாஸ்தா எழுதினார். எழுதி முடித்து, நோட்டை அவர் பக்கம் திருப்பிக் கையெழுத்துக் கேட்டார். அப்போதுதான் நல்லப்பனுக்கு உறைத்தது. சாவிக்கொத்து கையில் தொங்க, என்னை ஒரு பார்வை பார்த்தார். நானும் பார்த்தேன். மாடிப்படியில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். தவளை தன் வாயால் கெடும் என்று யாரோ முணுமுணுத்தது எனக்கே கேட்டது.

"கையெழுத்துப் போடுங்க, மேலாள்." இதைச் சொன்னது நான் இல்லை. என் வீட்டுக்காரர். வேலைக்குப் போகாமல் பின்னால் நின்றிருக்கிறார், எனக்குத் தெரியவே தெரியாது. அந்த ஒரு வார்த்தைக்காக அவருடைய பழைய பாவமெல்லாம் மன்னித்தேன்.

மேலாள் கையெழுத்துப் போட்டார். இரண்டு விதமாகச் சொன்னதைத் தூக்கிக்கொண்டு அதிகாரி முன்னால் போய் நிற்க அவருக்குத் துணிவில்லை. புதன்கிழமையே அவர் அனுப்பிய கன்னான் வந்து ஓட்டையைத் தட்டி ஈயம் பூசினான். வியாழக்கிழமை அடுப்பை மண் பூசிக் காயவைத்தோம். விளிம்பை மட்டும் மூட வேண்டாம் என்று நான் சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை நொச்சித் தழை போட்டுக் கொதித்த தண்ணீரைத் தங்கமணியின் முதுகில் ஊற்றினேன். "சுடுதுக்கா" என்று சிணுங்கினாள். "சுடட்டும்டி" என்றேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. புகை என்று சொல்லிவிட்டு இன்னும் ஒரு செம்பு ஊற்றினேன்.

கிட்டங்கி வேறு எங்கேயோ போயிற்று. நாங்கள் இங்கேதான் இருக்கிறோம். கொப்பரை முழுக்க மறுபடி கரி ஏறிவிட்டது, அதைப் பற்றிக் கவலையில்லை. ஆனால் அந்த விளிம்பை மட்டும் வெள்ளிக்கிழமைதோறும் புளியும் சாம்பலும் போட்டு நானே தேய்க்கிறேன். செட்டியார் பெயரை அவர் பெற்ற பிள்ளைகள்கூட இவ்வளவு பளபளப்பாக வைத்திருக்க மாட்டார்கள்.